17 மணி நேரம் ஒரே விமானத்தில், அம்மாவின் முழங்காலோடு: எந்த ஏர்லைன், எந்த வகுப்பு?

குழப்பராஜா:

வணக்கம். ஒரு மாதமாக டிக்கெட் பார்த்துப் பார்த்து மண்டை காய்ந்துவிட்டது. நானும் அம்மாவும் போக வேண்டிய பயணம் நேரடி விமானத்தில் கிட்டத்தட்ட 17 மணி நேரம், ஒரு இடத்தில் இறங்கி ஏறினால் மொத்தம் 21. அம்மாவுக்கு வயது 70, இடது முழங்கால் மாற்று அறுவை முடிந்து 14 மாதம் ஆகிறது. நன்றாக நடப்பார், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கியே உட்கார்ந்தால் வலி பிடித்துக்கொள்ளும். என் உயரம் 6 அடி 1 அங்குலம், அது தனிக் கதை.

கையில் இருக்கும் பணத்துக்கு மூன்று வழிதான். ஒன்று, நேரடி விமானத்தில் இரண்டு பேருக்கும் பிரீமியம் எகானமி, அதாவது எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள வகுப்பு. இரண்டு, அம்மாவுக்கு மட்டும் பிசினஸ், எனக்கு எகானமி. மூன்று, இறங்கி ஏறும் விமானத்தில் முதல் பாதி எகானமி, நீளமான இரண்டாவது பாதி மட்டும் பிசினஸ். எனக்கு இரண்டாவது வழிதான் சரி என்று தோன்றுகிறது, நான் எப்படியாவது சுருண்டு கிடந்துவிடுவேன். எந்த ஏர்லைன் நல்லது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விருது வாங்கிய ஏர்லைன் எதுவோ அதில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாமா?

ஜன்னலோரவாசி:

விருதை விடுங்கள். முதலில் கேட்க வேண்டியது எந்த விமானம், அதில் ஒரு வரிசைக்கு எத்தனை சீட் என்பதுதான். ஏர்லைன் பெயர் வாலில் எழுதியிருக்கும், நீங்கள் உட்காரப்போவது சீட்டில். போயிங் 777-இல் சில ஏர்லைன்கள் எகானமியில் வரிசைக்கு 9 பேர், பல ஏர்லைன்கள் 3-4-3 என்று 10 பேர். விமானத்தின் உடம்பு அதே அகலம்தான், ஆக ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் போய்விடும், 18 அங்குல சீட் 17 ஆகிவிடும். 787-இல் 3-3-3, அதுவும் சுமார் 17தான். ஏர்பஸ் ஏ350-இல் அதே 3-3-3, ஆனால் உடம்பு அகலம் என்பதால் பெரும்பாலும் 18 கிடைக்கும். ஒரு அங்குலம்தானே என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை உங்கள் விலாவில் இருக்குமா இருக்காதா என்பதை அந்த ஒரு அங்குலம்தான் முடிவு செய்கிறது.

இன்னொன்று, 787, ஏ350 இரண்டிலும் கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலை பாரமாக இருக்கிறதே என்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் சுமார் 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல். மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த அந்த ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் எகானமியே கிடையாது, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, அவ்வளவுதான். அவ்வளவு நேரம் எகானமியில் மனிதனால் முடியாது என்று ஏர்லைனே ஒப்புக்கொண்ட மாதிரி.

நடுசீட்_தியாகி:

மனிதன் மேல் இரக்கப்பட்டெல்லாம் இல்லை அண்ணா. அவ்வளவு எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஆள் எடை குறைய வேண்டும், இருக்கிற ஆட்களிடம் அதிகம் வாங்க வேண்டும், கணக்கு அதுதான். பெர்த்திலிருந்து லண்டன் 14,500 கிலோமீட்டர், 2018 மார்ச்சிலிருந்து 787-இல் ஓடுகிறது, 17 மணி நேரம், அதில் எகானமி இருக்கிறது, நிரம்பியும் போகிறது.

கேள்விக்கு வருகிறேன். எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில் இரண்டு சீட் போட்டுவிடுங்கள், எகானமி விலையோடு கொஞ்சம் சேர்த்தால் போதும், காலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். மிச்சப் பணத்தில் போகிற ஊரில் நல்ல அறை எடுங்கள்.

இரவுப்பணி:

எக்ஸிட் வரிசை அம்மாவுக்குக் கிடைக்காது. அவசரத்தில் கதவைத் திறந்து மற்றவர்களை இறக்க உதவக்கூடியவர்களைத்தான் அங்கே உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. விமான நிலையத்தில் அம்மாவுக்கு எப்படியும் வீல்சேர் கேட்பீர்கள், வீல்சேர் கேட்டவரை அங்கே உட்கார விடமாட்டார்கள், பணம் கட்டியிருந்தாலும் ஏறின பிறகு எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவோம். விடுவோம் என்று எழுதிவிட்டேன், பழக்கம். 11 வருடம் கேபின் வேலை பார்த்தவள்.

தம்பி, இரண்டாவது வழியைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். அம்மா பிசினஸில், நீங்கள் பின்னால் எகானமியில். உங்களால் நினைத்தபோதெல்லாம் முன்னால் போய் அம்மாவைப் பார்க்க முடியாது, திரை போட்டுவிட்டால் பல ஏர்லைன்களில் தடுத்து நிறுத்துவார்கள். அம்மாதான் எழுந்து உங்களைத் தேடி வர வேண்டும். 70 வயதில் முதல் தடவையாக அந்த சீட்டில் உட்காருகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சீட்டைப் படுக்கையாக்க எந்தப் பட்டன் என்று தெரியாது, கேட்கவும் கூச்சம், இரவு முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டி காலையில் என்னிடம் "கண்ணு, இது சாயுமா" என்று கேட்டபோது இறங்க ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. இன்னும் நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

பல பிசினஸ் சீட்டுகளில் படுக்கும்போது கால் போகிற இடம் முன் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொந்து மாதிரி குறுகலாக இருக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு அது இடிக்கும். முதல் வரிசையில் அந்தப் பொந்து பெரும்பாலும் பெரியது. பிசினஸ் போடுவதாக இருந்தால் 1-2-1 அமைப்பா என்று பாருங்கள், எல்லோருக்கும் நேராக ஐல் (சீட்டுகளுக்கு நடுவில் உள்ள நடைவழி) கிடைக்கும். பழைய 2-2-2 அமைப்பில் ஜன்னல் பக்கம் இருப்பவர் பக்கத்து ஆளைத் தாண்டித்தான் பாத்ரூம் போக வேண்டும்.

குழப்பராஜா:

அக்கா, அந்தப் பாட்டி கதை அப்படியே என் அம்மாதான். டாக்சியில் ஏசி அதிகமாக இருந்தால்கூடச் சொல்ல மாட்டார்.

இன்னொரு அதிர்ச்சி. ஜன்னலோரவாசி சொன்னாரே என்று மூன்றாவது வழியின் டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். நான் பார்த்து வைத்திருந்த ஏர்லைனின் எண்தான் போட்டிருக்கிறது, கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இயக்குவது வேறு ஒரு ஏர்லைன் என்று இருக்கிறது. விமானம் 777, எகானமி 3-4-3. நீளமான இரண்டாவது பாதியின் பிசினஸ் 2-2-2. ஒரு மாதமாக நான் ஒப்பிட்டுப் பார்த்ததெல்லாம் ஏறவே போகாத விமானத்தை!

ஜன்னலோரவாசி:

கோட்ஷேர், அதாவது ஒரு ஏர்லைன் தன் எண் போட்டு விற்கும், வேறு ஏர்லைன் இயக்கும். எல்லோரும் ஒரு தடவை விழுகிற குழி அது. விமான எண்ணைப் பார்க்காதீர்கள், இயக்குவது யார் என்ற வரியைப் பாருங்கள், அதன் பிறகு அந்த ஏர்லைனின் சீட் வரைபடத்தைத் திறந்து எண்ணுங்கள். அதுவும் கடைசி வரை மாறலாம். பயணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு தடவை, செக்-இன் செய்யும்போது ஒரு தடவை பாருங்கள். விமானத்தை மாற்றினால் நீங்கள் தேர்ந்தெடுத்த சீட் எண் சத்தமில்லாமல் வேறு எங்கோ போய் உட்கார்ந்திருக்கும்.

மெதுநடை:

நான் பிசியோதெரபிஸ்ட். மூன்றாவது வழியை இவ்வளவு சீக்கிரம் தள்ள வேண்டாம், நடுவில் இரண்டு மணி நேரம் இறங்கி நடப்பது காலுக்கு நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று கண்டார்கள். ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேருக்கு ஒருவர்தான், பயப்பட வேண்டாம். விமானம் என்றில்லை, பஸ், ரயில், காரிலும் இதேதான். ஆனால் வயது, பெரிய அறுவை சிகிச்சை என்று சேரும்போது கணக்கு மாறும். 14 மாதம் ஆகிவிட்டது என்பது நல்லது, இருந்தாலும் அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், முழங்கால் வரை வரும் இறுக்கமான காலுறை எந்த அளவு என்பதையும் அவரே சொல்லட்டும். தூக்க மாத்திரையை விமானத்தில் முதல் தடவையாகப் போட வேண்டாம், அசையாமல் கிடப்பதுதான் பிரச்சினையே.

காலை நீட்டி வைக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கியே வைக்காமல், குதிகாலுக்கு அடியில் எதையாவது வைத்து நேராக்குங்கள்.

நடுசீட்_தியாகி:

எக்ஸிட் வரிசையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மூன்றாவது வழி வேண்டவே வேண்டாம். இறங்கி நடப்பது என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும். வீல்சேர் கேட்டவர்கள் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்குவார்கள், அப்புறம் வீல்சேர் வரும் வரை காத்திருப்பு, அப்புறம் மறுபடி செக்யூரிட்டி. செயற்கை மூட்டால் சோதனைக் கருவி சத்தம் போட்டால் தனியாக நிறுத்திச் சோதனை. என் மாமியாருடன் போனபோது இரண்டரை மணி நேர இடைவெளியில் 20 நிமிடம்தான் மிச்சம், அவர் நடந்ததே இல்லை, சக்கரத்தில்தான் சுற்றினார்.

இரவுப்பணி:

வீல்சேரிலும் வகை உண்டு. படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நீண்ட தூரம் மட்டும் முடியாது என்றால் டிக்கெட்டில் டபிள்யூசிஎச்ஆர் என்று போடச் சொல்லுங்கள். படி ஏற முடியாது என்றால் டபிள்யூசிஎச்எஸ். சொல்லாமல் விட்டால் ஏணியடியில் நின்று தகராறு செய்ய வேண்டி வரும்.

என் ஓட்டு முதல் வழிக்குத்தான், இரண்டு பேருக்கும் பிரீமியம் எகானமி. முன் சீட்டுக்கும் இதற்கும் 38 அங்குலம் வரும், எகானமியில் 31, 32தான். அம்மா பக்கத்திலேயே நீங்கள் இருப்பீர்கள், அது அந்த ஆறு அங்குலத்தை விடப் பெரிய விஷயம். ஒரு குறை, பிரீமியத்தில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் குறுக்கே படுக்க முடியாது. முன் சீட்டிலிருந்து தொங்கும் கால்தாங்கி உங்களைப் போன்ற உயரமானவர்களின் கணுக்காலில் இடிக்கும், மடக்கிவிட்டுவிடுங்கள்.

மெதுநடை:

இடது கால் என்றீர்களே, அப்படியானால் எந்தப் பக்கம் ஐல் என்பது முக்கியம். அம்மாவுக்கு இடது கைப் பக்கம் ஐல் இருக்க வேண்டும், அப்போதுதான் அந்தக் காலை நீட்ட முடியும். 2-4-2 அமைப்பில் வலது ஓரத்து ஜோடியில் ஐல் சீட், பெரும்பாலும் எச் என்று இருக்கும். நீங்கள் கே, ஜன்னல் பக்கம்.

ஜன்னலோரவாசி:

ஆனால் அப்போது 6 அடி 1 ஆள் ஒவ்வொரு தடவையும் அம்மாவைத் தாண்டித்தானே வெளியே வர வேண்டும்?

மெதுநடை:

ஐலுக்கு அந்தப் பக்கம் ஜி-யில் மகன் உட்கார்ந்தால் கே-யில் தெரியாத ஆள் வருவார், அவர் தாண்டுவார். மகன் தாண்டினால் குறைந்தபட்சம் அம்மா எழுந்திருக்கும் நேரம் பார்த்துத் தானும் எழுந்துகொள்வார், இரண்டு பேரும் சேர்ந்து நடக்கலாம்.

இரவுப்பணி:

நீட்டலாம், ஆனால் ஐலில் காலை நீட்டியபடி தூங்க வேண்டாம். விளக்கு அணைத்த பிறகு தள்ளுவண்டி வரும்போது கால் இருப்பது எங்களுக்குத் தெரியாது. விழித்திருக்கும்போது மட்டும்.

குழப்பராஜா:

போட்டுவிட்டேன். ஏ350, பிரீமியம் எகானமி, எச்-உம் கே-யும், முதல் வரிசை இல்லை, மூன்றாவது. முதல் வரிசைச் சுவரில் தொட்டில் மாட்டும் இடம் இருந்தது, குழந்தை வந்தால் அதன் அழுகை, வராவிட்டால் என் அதிர்ஷ்டம் என்று யோசித்து விட்டுவிட்டேன். பிசினஸுக்கு மாற எவ்வளவு தருவீர்கள் என்று ஏலம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் கேட்கலாமா?

ஜன்னலோரவாசி:

ஒரே புக்கிங்கில் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்க முடியும். கிடைத்துவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த எச், கே போய்விடும், அவர்கள் கொடுக்கிற இடம்தான்.

குழப்பராஜா:

ஏலம் கேட்கவில்லை. நேற்று வந்து சேர்ந்தோம். அம்மா மொத்தம் ஆறு மணி நேரம் தூங்கினார், நான் மூன்று. கடிகாரம் வைத்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் பின்பக்கம் வரை நடந்தோம், நான்காவது தடவை பணிப்பெண்ணே "நேரமாகிவிட்டதே, இன்னும் வரவில்லையா" என்று கேட்டார். முழங்கால் லேசாக வீங்கியது, இரவே வடிந்துவிட்டது. கால்தாங்கியை மடக்கி வைத்தும் ஒரு இடத்தில் இடித்துக்கொண்டேன் அக்கா, கணுக்காலில் நீலம்.

திரும்பி வருவது பகல் விமானம், 787, அதில் பிரீமியம் 2-3-2. அம்மா இப்போதே சொல்லிவிட்டார், தனக்கு ஜன்னல் வேண்டுமாம், இந்தத் தடவை மேகத்தைப் பார்க்கவே விடவில்லையாம். முழங்காலை என்ன செய்வது?

மெதுநடை:

கிளம்பும்போதும் இறங்கும்போதும் அம்மாவுக்கு ஜன்னல், நடுவில் உங்களோடு மாற்றிக்கொள்ளட்டும். சீட் பெல்ட் விளக்கு அணைந்த பிறகு மாறுங்கள். அப்புறம் 787-இல் ஜன்னலுக்குத் திரை கிடையாது, பட்டனை அழுத்தினால் கண்ணாடியே கறுக்கும். பணியாளர்கள் மொத்தமாக இருட்டாக்குவதற்கு முன்னால் பார்த்துவிடச் சொல்லுங்கள்.