பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் தாஹிட்டிக்குப் போனது எதைத் தேடி?

கித்தான்கிறுக்கு:
பங்குத் தரகராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர், 1882 பங்குச்சந்தைச் சரிவுக்கு அப்புறம் முழுநேர ஓவியராகி, மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் கோபன்ஹேகனில் விட்டுவிட்டு பிரான்சின் பிரிட்டனி பகுதி, பனாமா, மார்ட்டினிக் என்று அலைந்து, 1891இல் தென் பசிபிக்கில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தாஹிட்டித் தீவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் படங்களில் இருக்கும் அந்த நிறங்களுக்காக அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டியிருந்ததா? இல்லை, பாரிஸில் படம் விற்கவில்லை என்ற கடுப்பா?

செம்மண்:
நிறம் முன்பே கைக்கு வந்துவிட்டது. 1888இல் பிரிட்டனியில் வரைந்த 'பிரசங்கத்துக்குப் பின் தோன்றிய காட்சி'யைப் பாருங்கள். தரை முழுக்க ரத்தச் சிவப்பு, எந்த ஊர் வயல் அப்படி இருக்கும்? நிழலே கிடையாது, குறுக்கே ஒரு மரம் சாய்ந்து படத்தை இரண்டாக வெட்டுகிறது. அது ஜப்பானிய அச்சுப்படங்களிடம் கற்றது.

மழைக்கோடு:
கடுப்பும் உண்டு, ஆனால் போன இடமும் ஏமாற்றியது. தாஹிட்டியின் தலைநகர் பப்பேட்டே அப்போது பிரெஞ்சு அதிகாரிகளும் தகரக் கூரைகளுமாக இருந்தது, பெண்கள் பாதிரிமார் பழக்கிவிட்ட, கழுத்து முதல் கால்வரை மூடும் அங்கியில் இருந்தார்கள். அதனால்தான் தள்ளியிருந்த மத்தாயியா கிராமத்துக்குக் குடிபோனார். வேடிக்கை என்னவென்றால் பெட்டியில் ஜாவாவின் பௌத்தக் கோவிலான போரோபுதூர் சிற்பங்களின் புகைப்படங்களையும் கொண்டுபோயிருந்தார். அவருடைய 'இயா ஒரானா மரியா' ஓவியத்தில் கைகூப்பி நிற்கும் இரண்டு பெண்களைக் கவனியுங்கள், நிற்கும் விதம் அப்படியே ஜாவாவின் அந்தப் புடைப்புச் சிற்பத்திலிருந்து வந்தது, முன்னால் கிடக்கும் வாழைப்பழம் மட்டும் தாஹிட்டி! தீவின் பழைய தெய்வக் கதைகளைக்கூட மூரன்ஹூட் என்ற ஐரோப்பியர் 1837இல் எழுதிய நூலிலிருந்துதான் எடுத்தார். அதாவது பாதித் தாஹிட்டி அவர் கட்டியது.

செம்மண்:
சரி, அதோடு அங்கே அவர் மனைவிபோல வைத்துக்கொண்ட தாஹிட்டிச் சிறுமி தெஹாமனாவையும் சொல்லுங்கள். கோகன் எழுத்துப்படியே பார்த்தாலும் அவளுக்குச் சுமார் 13 வயது, இவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. காலனி ஆட்சி இல்லாமல் இதெல்லாம் நடக்குமா? கலைஞனின் தேடல் என்று பூசி மெழுகுகிற பேச்சு எனக்கு ஒத்துவராது.

மழைக்கோடு:
ஒத்துக்கொள்கிறேன், தெஹாமனாவை வைத்து வரைந்த 'இறந்தவர்களின் ஆவி பார்த்துக்கொண்டிருக்கிறது' ஓவியத்தை அதை மறந்துவிட்டுப் பார்க்க முடியாது. ஆனால் தீவு அவருக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்லமாட்டேன். மகள் அலின் இறந்த பிறகு, நோயும் கடனுமாக இருந்தபோது, முரட்டுச் சாக்குத் துணியில் ஏறக்குறைய நாலு மீட்டர் அகலத்துக்கு 'நாம் எங்கிருந்து வருகிறோம்' வரைந்தார். இப்போது பாஸ்டனில் இருக்கிறது. வலக்கோடியில் குழந்தை, இடக்கோடியில் கிழவி, அதனால் வலமிருந்து இடமாகப் பாருங்கள்.