செட்டுல எட்டு பேர், இப்ப அஞ்சு பேருக்குதான் காசுங்குறாங்க. யாரை நிறுத்துறது?

நீடாமங்கலத்துப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுது நையாண்டி மேளம் வாசிக்கிற குடும்பம், நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். சித்தப்பாதான் மெயின் தவில். நாயனம் ரெண்டு, தவில் ரெண்டு, பம்பை, உறுமி, தமுக்கு, தாளம், ஆக மொத்தம் எட்டு பேர். நான் மன்னார்குடில ஒரு கடைல கணக்கு எழுதுறேன், சீசன்ல லீவு போட்டுட்டு தாளத்துக்கு போவேன்.

விஷயம் என்னன்னா, கோயில் திருவிழா, சாவு, கல்யாணம் போக வருஷத்துக்கு நாலு அரசு புரோகிராம் எங்களுக்கு வரும். சுற்றுலா விழா, விழிப்புணர்வு பிரச்சாரம் அந்த மாதிரி. பெரிய காசு இல்ல, ஆனா ஐப்பசி கார்த்திகைன்னு வேலை இல்லாத நேரத்துல வரும், அதுதான் அதோட மதிப்பு. இந்த வருஷம் இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. அதுலயும் "நிதி குறைச்சிட்டாங்க, அஞ்சு பேருக்குத்தான் பில் போட முடியும், எட்டு பேரா வந்தாலும் அஞ்சு பேர் காசுதான்"னு சொல்லிட்டாங்க. எந்த ஆபீஸ்னு சொல்ல விரும்பல, அங்க இருக்கவங்க நல்ல மனுஷங்க, அவங்க கையிலயும் ஒண்ணும் இல்ல.

சித்தப்பா ரெண்டு நாள் யோசிச்சிட்டு தமுக்கு, தாளம், ரெண்டாவது தவில் மூணையும் நிறுத்திட்டாரு. தாளம் நான்தான், எனக்கு சம்பளம் இருக்கு, பரவால்ல. ஆனா ரெண்டாவது தவில் 19 வயசு பையன். மூணு வருஷமா எங்க வீட்டுலயே இருந்து கத்துக்கிறான். அவன் ஒண்ணும் பேசல, தவில் அடிக்க விரல்ல மாட்டியிருந்த கூட்டைக் கழட்டி சட்டைப் பைல போட்டுட்டு போயிட்டான். மறுவாரமே திருப்பூர்ல வேலை இருக்காமேன்னு யார்கிட்டயோ விசாரிச்சிருக்கான்.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அரசாங்கத்துகிட்ட கலைக்கு காசு குடுன்னு கேக்குறது நியாயமா, இல்ல நம்ம ஊர்க்காரங்களே பாத்துக்கணுமா? கேக்கலாம்னா யார்கிட்ட எப்படி கேக்குறது?


கடைமடைக்காரன்:

தம்பி, உன் வருத்தம் புரியுது, தப்பா எடுத்துக்காத. நான் திருத்துறைப்பூண்டி பக்கம், ஆறு ஏக்கர் சம்பா. எங்க வாய்க்கால் தூர் வாரி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. 2024-ல மேட்டூர் அணையை வழக்கமா திறக்குற ஜூன் 12-ல திறக்கல, ஜூலை கடைசிலதான் திறந்தாங்க, அது வாய்க்காலோட கடைசில இருக்குற எங்க கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்க நெஞ்சுல தண்ணி வத்திப்போச்சு. அரசாங்கத்துகிட்ட இருக்குறது ஒரே பெட்டி. அதுலேர்ந்து முதல்ல தண்ணிக்கு குடுக்கணும், ஆஸ்பத்திரிக்கு குடுக்கணும், பள்ளிக்கூடத்துக்கு குடுக்கணும், அப்புறம்தான் மத்தது. மேளம் நம்ம மேளம், அத நாமதான் காப்பாத்தணும். எங்க ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டுத்தான் மேளம் வைக்கிறோம், யார்கிட்டயும் மானியம் கேட்டதில்ல.


வெட்டாற்றங்கரை:

நான் தேவாரம் சொல்லிக் குடுக்குறவ. முதல் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு போனா எல்லாரும் விமானத்தை அண்ணாந்து பாக்குறோம், கீழ சுவத்துல வெட்டியிருக்குறத யாரும் படிக்கிறதில்ல. அதுல நிறைய பட்ஜெட்தான். திருப்பதியம், அதாவது தேவாரம் பாட 48 பேர், கூட உடுக்கை ஒருத்தர், கொட்டி மத்தளம் ஒருத்தர், ஆக 50 பேர், ஆளுக்கு தினம் மூணு குறுணி நெல்லுன்னு ராஜராஜன் எழுதி வச்சிருக்கான். கோயில்ல ஆடுன 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. அவங்க கூட நட்டுவனார், கொட்டுறவங்க, ஊதுறவங்க எல்லாருக்கும் பங்கு. எனக்கு அதுல பிடிச்ச வரி எதுன்னா, பங்கு வாங்குறவர் செத்துட்டாலோ ஊரை விட்டுப் போயிட்டாலோ அவரோட சொந்தத்துல தகுதி உள்ளவருக்கு குடுக்கணும், அவருக்கு தகுதி இல்லன்னா தகுதி உள்ள இன்னொருத்தரைப் போட்டுக் குடுக்கணும். அதாவது இடம் காலியா கிடக்கக்கூடாதுங்குறதுதான் அந்த ஏற்பாட்டோட உயிரு.

அந்தக் காலம் நல்ல காலம்னு நான் சொல்ல வரல, அந்தப் பெண்களுக்கு பின்னாடி என்னென்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியும். நான் சொல்றது ஒண்ணுதான். இந்த மண்ணுல பெரிய அளவுல வளந்த கலை எதுவும் பிடி நெல்லு யாரும் அளக்காம வளரல. அரசன் அளந்தான், அப்புறம் மராட்டிய ராஜாக்கள், அப்புறம் மிராசுதாரு, மடம். 1963-ல சின்ன இனாம்களை, அதாவது மானியமா விட்ட நிலங்களை ஒழிச்சு சட்டம் வந்துச்சு, கோயில் ஊழிய மானியமா இருந்த நிலம் நிறைய கை மாறிப்போச்சு. இப்படி எல்லாக் கையும் விலகுன பிறகு மிச்சம் இருக்குற கை அரசாங்கம்தான். அதனால கேக்குறது பிச்சை இல்ல தம்பி.

இன்னொண்ணு, அந்தப் பையனைப் பத்தி. முன்னெல்லாம் நாதசுரக் கச்சேரில ஒத்து ஊதுறவர்னு ஒருத்தர் இருப்பாரு. சுருதிக்கு மட்டும்தான், ராகம் வாசிக்க மாட்டாரு. பாதி பேரு சின்னப் பசங்களா இருப்பாங்க. மூச்சு பிடிக்கிறது, வித்வான் எங்க நிறுத்துறாரு எங்க எடுக்குறாரு, எல்லாம் பக்கத்துல உக்காந்தே கத்துக்குவாங்க. சுருதிப் பெட்டி வந்துச்சு, ஒரு ஆள் கூலி மிச்சம்னு ஒத்து போயிடுச்சு. கேக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியல. ஆனா கத்துக்குற பையன் உக்கார்ற இடம் மேடைல ஒண்ணு குறைஞ்சு போச்சு. இப்ப உங்க செட்டுல நடந்ததும் அதேதான். எங்க காசு குறைஞ்சாலும் முதல்ல போறது பேர் போட்ட வித்வான் இல்ல, ஓரத்துல உக்காந்திருக்குறவன்தான், அவன்தான் இருபது வருஷம் கழிச்சு வித்வானா வர வேண்டியவன். தவில்ல இந்த ஊரோட பேரை உலகத்துக்கு சொன்ன நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர்ல இருந்துகிட்டு ரெண்டாவது தவிலை நிறுத்துறோம்னு படிக்கும்போது வயிறு எரியுது.


டாம்பா கும்பகோணத்தான்:

சொந்த ஊர் கும்பகோணம், இப்ப அமெரிக்கால ஃபுளோரிடாவுல இருக்கேன். இங்க நடந்தத சொல்றேன், கடைமடை அண்ணன் சொன்னதுக்கு பதிலா இருக்கும்னு நினைக்கிறேன்.

2024-ல இந்த மாநில சட்டசபை கலை அமைப்புகளுக்கு சுமார் 3 கோடியே 20 லட்சம் டாலர் மானியம் ஒதுக்கி பாஸ் பண்ணிடுச்சு. இங்க கவர்னர்தான் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, அவருக்கு பட்ஜெட்ல ஒவ்வொரு வரியா அடிக்கிற அதிகாரம் இருக்கு. கவர்னர் டிசாண்டிஸ் அந்த மானியம் மொத்தத்தையும் ஒரே அடியா அடிச்சிட்டாரு. கையெழுத்து போட்ட தேதி ஜூன் 12. அண்ணே, நீங்க மேட்டூர் திறக்கல திறக்கலன்னு பாத்துகிட்டு இருந்தீங்களே அதே நாள்.

மொத்த பட்ஜெட் 11,650 கோடி டாலர். அதுல இது ஆயிரத்துல ஒரு பங்கு கூட கிடையாது. ஒரு சில நாடக விழாக்கள் ஆபாசமா இருக்குன்னு பின்னாடி காரணம் சொன்னாரு, ஆனா அடிபட்டது 600-க்கு மேல அமைப்புங்க, மியூசியம், ஆர்க்கெஸ்ட்ரா, சின்ன ஊர் தியேட்டர் எல்லாமே. பெரிய மியூசியத்துக்கு பணக்காரங்க டொனேஷன் குடுத்துடுவாங்க. சின்ன தியேட்டர்காரன்தான் திண்டாடுனான், ஏன்னா அவன் அந்த வருஷ நாடகத்தை எல்லாம் மானியம் வரும்னு நம்பி முன்னாடியே பிளான் பண்ணி வச்சிருந்தான்.

நான் சொல்ல வர்றது, இவ்வளவு சின்ன காசை வெட்டி எந்த வாய்க்காலும் தூர் வார முடியாதுண்ணே. பெரிய பெட்டிலேர்ந்து தண்ணிக்கு எடுத்து வைங்க, வேண்டாம்னு யாரும் சொல்லல. கலைல வெட்டுனா மிச்சம் ஆகுறது சில்லறை, போறது ஒரு தலைமுறை.


பழைய குமாஸ்தா:

அரசு வேலைல இருந்து ரிட்டையர் ஆனவன், நான் இருந்தது வேற துறை, ஆனா கணக்கு எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். தம்பியோட ரெண்டாவது கேள்விக்கு வரேன்.

நம்ம மாநிலத்துல ஃபுளோரிடா மாதிரி ஒரே கோடு போட்டு அடிக்கிறது கிடையாது. இங்க வெட்டு சத்தம் இல்லாம நடக்கும். பட்ஜெட் அன்னிக்கு ஒரு தொகை போடுவாங்க, பேப்பர்ல அதுதான் வரும். வருஷ நடுவுல திருத்திய மதிப்பீடுன்னு ஒண்ணு வரும், அதுல குறைஞ்சிருந்தா யாரும் செய்தி போட மாட்டாங்க. அதுக்கப்புறம் ஒதுக்குனது வேற, விடுவிச்சது வேற. அரசாணை லேட்டா வந்து, காசு பிப்ரவரில வந்து சேந்தா, மார்ச் 31-க்குள்ள நிகழ்ச்சி நடத்தி பில் போட முடியாம பணம் திரும்ப ஒப்படைச்சிடுவாங்க. மேல உக்காந்து பாக்குறவனுக்கு "செலவாகல, அப்ப தேவையில்ல போல"ன்னு தோணும், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் குறையும். உங்க கேஸ்ல நிஜமாவே ஒதுக்கீடு குறைஞ்சிருக்கா, இல்ல காசு வந்து சேரலையா, இல்ல வேற செலவுக்கு போச்சான்னு முதல்ல தெரியணும். அது தெரியாம போய் நின்னா "நிதி இல்ல"ன்னு ஒரே வார்த்தைல அனுப்பிடுவாங்க.

தெரிஞ்சுக்க வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-லேர்ந்து இருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத் தாள், 30 நாள்ல பதில் தரணும். ஏன் குறைச்சீங்கன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லன்னு எழுதிடுவாங்க. கடைசி மூணு வருஷத்துல நம்ம மாவட்டத்துல நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்கு ஒதுக்குனது எவ்வளவு, விடுவிச்சது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஒப்படைச்சது எவ்வளவு, எத்தனை நிகழ்ச்சி, ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை கலைஞர், இத மட்டும் கேளுங்க. ஆளுக்கு எவ்வளவுன்னு நிர்ணயிச்ச உத்தரவோட நகலும் கேளுங்க. கையில கணக்கு இருந்தா எம்எல்ஏகிட்ட போகலாம், மானியக் கோரிக்கை விவாதத்துல சுற்றுலா, பண்பாடு, அறநிலையத் துறை வர்ற அன்னிக்கு அவர் ஒரு கேள்வி கேட்டாருன்னா அது பதிவாகும்.

அப்புறம், உறுமி வாசிக்கிற பெரியவரு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்காரான்னு பாருங்க. 2007-லேர்ந்து இருக்கு அந்த வாரியம். நலிந்த கலைஞர்களுக்கு மாசம் 3000 ரூபா உதவித்தொகை தனியா இருக்கு, அதுக்கும் மனு போடுங்க. வாசிப்பாங்க, ஆனா பேப்பர்ல பேரே இருக்காது, நம்ம ஆளுங்ககிட்ட நான் பாத்த பெரிய குறை இதுதான்.


கடைமடைக்காரன்:

டாம்பா தம்பி சொன்ன கணக்கு சரிதான், ஒத்துக்கிறேன். ராத்திரி எல்லாம் இதையே யோசிச்சேன், ஒண்ணு சொல்லிடுறேன். நாங்க வரி போட்டு மேளம் வைக்கிறோம்னு பெருமையா எழுதுனேன். ஆனா 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப தென்னை எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு, அடுத்த திருவிழாவுக்கு வரி வசூலே ஆகல, சாமி புறப்பாட்டுக்கு ஒத்த மேளம் மட்டும் வச்சோம். வழக்கமா வர்ற கரகாட்ட செட்டுக்கு அச்சாரம் குடுத்திருந்தத திருப்பிக் கேக்க மனசு வரல, வேண்டாம்னு மட்டும் சொல்லி விட்டோம். அந்த செட்டு அதுக்கப்புறம் வரவே இல்ல. கலைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன். மறுபடி கையில காசு வந்தப்ப இளவட்டங்க செண்டை மேளத்தை கூட்டிட்டு வந்துட்டாங்க, கேரளாக்காரங்க நல்லாத்தான் வாசிக்கிறாங்க, ஆனா எங்க ஆத்தாவுக்கு அந்தத் தாளம் பழக்கம் இல்ல.

அதாவது எங்களுக்கு வெள்ளாமை இல்லாத வருஷம் அவங்களுக்கும் வேலை இல்ல. நாங்க விழும்போது அவங்களும் கூடவே விழுறாங்க. எங்களுக்காவது பயிர்க் காப்பீடு, நிவாரணம்னு ஏதோ ஒண்ணு வரும். அந்த மாதிரி வருஷத்துல தாங்கிப் பிடிக்கத்தான் அரசாங்க புரோகிராம் வேணும், அத அந்த வருஷத்துலயே வெட்டுனா எப்படி? நான் முன்னாடி சொன்னத மாத்திக்கிறேன். தண்ணிதான் முதல்ல, அதுல மாத்தம் இல்ல. ஆனா கேளு தம்பி, தைரியமா கேளு. மனுவுல விவசாயி கையெழுத்து வேணும்னா நான் வரேன், எங்க சங்கத்துல இன்னும் பத்து பேரையாவது கூட்டிட்டு வரேன்.


நீடாமங்கலத்துப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன ஒத்து விஷயத்தை சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அவரு சின்ன வயசுல அவங்க தாத்தா பக்கத்துல தாளம் போட்டுத்தான் ஆரம்பிச்சாராம், அத எனக்கு இதுவரைக்கும் சொன்னதே இல்ல. வந்த காசை ஏழா பிரிச்சிடலாம்னு சொல்லிட்டாரு, நாயனக்காரர் ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க, தமுக்குக்காரருக்கும் பையனுக்கும் பங்கு உண்டு, எனக்கு மட்டும் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். இது எத்தனை நாளைக்கு தாங்கும்னு தெரியல.

குமாஸ்தா ஐயா, நீங்க சொன்ன ஆறு கேள்வியையும் எழுதிட்டேன், நகல் கேக்குறதையும் சேத்துட்டேன். நாளைக்கு ஸ்டாம்ப் வாங்கி ரிஜிஸ்டர் தபால்ல போடுறேன். உறுமித் தாத்தாவுக்கு வாரியத்துல பதிவு இல்ல, ஆதார்ல பிறந்த வருஷமும் தப்பா இருக்கு, அத முதல்ல திருத்தணும். கடைமடை அண்ணே, மனு எழுதுனதும் சொல்றேன், கட்டாயம் வாங்க. பையன் திருப்பூர் போகல இன்னும். நேத்து சாயங்காலம் வந்து தவிலுக்கு வார் இழுத்து கட்டிக் குடுத்துட்டு போனான்.