கொல்லாம்பழ ஜூஸ்: புதுப்பிப்பு

போன வாரம் கொல்லாம்பழ (முந்திரிப்பழ) ஜூஸ் போட்டு, காறல் தாங்காமல் மொத்தத்தையும் வாழை மூட்டில் ஊற்றிய கதையை எழுதியிருந்தேன். கஞ்சித்தண்ணி கலந்து பாருங்கள் என்று தக்கலை அக்கா ஒருவர் சொன்னார். சரி, செய்தாயிற்று.

சாற்றை வடிகட்டி, லிட்டருக்கு அரை டம்ளர் ஆறிய கஞ்சித்தண்ணி விட்டு அசைக்காமல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் மஞ்சளாய்த் திரிதிரியாக ஒரு படிவு. காறலுக்குக் காரணமான டானினைக் கஞ்சியின் மாவுச்சத்து பிடித்து இறக்கிவிடுகிறது. மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை தேவைப்படவே இல்லை. காறல் முழுசாகப் போகவில்லை, ஆனால் தைரியமாகக் குடிக்கலாம்.

அப்புறம், வெள்ளைச் சட்டையோடு கொல்லாம்பழம் பிழியாதீர்கள். கறை போகாது.