உப்புக்கண்டம் வறுத்த கையால் பேக்கன் வறுப்பது எப்படி?

கேள்வி (இல்லத்தரசி, காரைக்குடி):

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகன், திருச்சியில் இறங்கிய கையோடு அங்குள்ள கடையொன்றில் பன்றி இறைச்சியில் செய்த பேக்கன் ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். உப்புக்கண்டம் வறுக்கும் பழக்கத்தில் நல்லெண்ணெயை நன்றாகக் காயவைத்துப் போட்டேன். ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு, நடுவிலிருந்த கொழுப்பு வேகாமல் சவசவவென்று நின்றுவிட்டது. இதை முறையாகச் சமைப்பது எப்படி? பாக்கெட்டில் சோடியம் நைட்ரைட் என்று அச்சிட்டிருக்கிறார்கள், அது கெடுதலா? என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1 (சமையற்காரர், கானாடுகாத்தான்):

ஆச்சி, தவறு எண்ணெயில்தான். உப்புக்கண்டம் வெயிலில் சருகாகக் காய்ந்த ஆட்டிறைச்சி என்பதால் அதற்கு எண்ணெய் வேண்டும். பேக்கனோ தன் கொழுப்பிலேயே வேகக்கூடியது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, சூடேறாத இரும்புச் சட்டியில் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் திருப்பித் திருப்பி வாட்டினால், கொழுப்பு மெல்ல உருகி வெளியேறி, துண்டு பொன்னிறமாக மொறுமொறுக்கும். தீ கூடினால் சதையும் கொழுப்பும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால்தான் அது வளைகிறது.

வயிற்றுப்பகுதியில் வெட்டியதா, முதுகுப்பகுதியில் வெட்டியதா என்பதையும் பாருங்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் உண்பது கொழுப்பு வரிவரியாக ஓடும் முன்னது. ஆங்கிலேயர் விரும்புவது சதை மிகுந்த பின்னது, அதற்குச் சட்டியில் சிறிது எண்ணெய் தடவலாம். நான் உருகிய கொழுப்பிலேயே சோம்பு, வரமிளகாய், சின்ன வெங்காயம் வதக்கி, நறுக்கிய பேக்கனைச் சேர்த்துச் சுக்காவாகப் புரட்டுவேன். உப்பு ஒரு கல்கூடப் போடுவதில்லை. உப்புக்கண்ட ஜாடியைப் போல இதை வெளியில் வைத்துவிடாதீர்கள். ஈரம் மிகுந்த இறைச்சியாதலால் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற உணவியல் ஆசிரியர், தேவகோட்டை):

சமையல் முறையை ஏற்கிறேன். உருகிய கொழுப்பில் வதக்குவதை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்ல நைட்ரைட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத காலத்தில், குளிர்காலம் தொடங்கும்போது அறுத்த பன்றியை மறு பருவம் வரை காப்பாற்ற ஐரோப்பியர் கண்ட வழி உப்பும் புகையும். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள கால்ன் என்ற ஊரில் ஹாரிஸ் குடும்பத்தார் பனிக்கட்டி அறைகளின் துணையோடு, 19ஆம் நூற்றாண்டில், குறைந்த உப்பில் ஆண்டு முழுவதும் பதப்படுத்தும் தொழிலாக அதை வளர்த்தார்கள். பழங்காலத்தில் உப்போடு வெடியுப்பையும் சேர்த்தனர். அதிலுள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுவதால்தான் இறைச்சி சிவக்கிறது என்பது பின்னர் விளங்கிய பிறகு, நைட்ரைட்டையே நேரடியாகச் சேர்க்கத் தொடங்கினர். உயிர்கொல்லி நஞ்சை உண்டாக்கும் பாட்டுலினம் நுண்ணுயிரை அது தடுக்கிறது; ஆகவே அதை வெறும் கெடுதல் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் கடுஞ்சூட்டில் அது இறைச்சியின் புரதச் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து, புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைன்களை உண்டாக்குகிறது. வறுத்த துண்டைவிடச் சட்டியில் தேங்கும் கொழுப்பில் இவை கூடுதலாக இருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அந்தக் கொழுப்பை வடித்துக் கொட்டிவிடுங்கள். கருகிய ஓரத்தையும் நீக்கிவிடுங்கள். 'நைட்ரைட் சேர்க்கப்படாதது' என்று விற்கும் சில பாக்கெட்டுகளில் செலரிச் சாற்றின் வழியாக அதே பொருள்தான் வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் முதற் பிரிவில் வைத்தது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று உறுதியானது என்பதே அதன் பொருள். இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்பதன்று. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும் என்று அது கணித்தது.

நம்மூர்க்காரர்களுக்குக் கசக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு: உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி எதுவும் அந்த வரையறைக்குள் வருவதால், வளவில் கயிறு கட்டி அப்பத்தா உலர்த்திய உப்புக்கண்டமும் அதில் அடங்கும். நைட்ரைட் சேர்க்கவில்லை என்பதற்காக அதை மருந்தாக்கிவிடக் கூடாது. தங்கள் கணவருக்கு இரண்டிலும் முதற்கவலை உப்பே. 100 கிராம் பேக்கனில் 2 முதல் 3 கிராம் வரை உப்பு இருப்பது வழக்கம், ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கேட்டவரின் மறுமொழி:

இருவருக்கும் நன்றி. இன்று காலை மீதியிருந்த துண்டுகளைச் சிறுதீயில் வாட்டினேன். நல்லெண்ணெய் இல்லாமலே மொறுமொறுவென்று வந்தது. கொழுப்பைக் கொட்ட மனம் வரவில்லைதான், ஆனாலும் கொட்டிவிட்டேன். மகனுக்கு முட்டையோடு இரண்டு துண்டு வைத்தேன். கணவர் ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, உப்புக்கண்டத்துக்கு இது ஈடாகாது என்றார். ஜாடியை அவர் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.