புதுப்பிப்பு: புது வீட்டு பெட்ரூம் ஜன்னல்ல தண்ணி வழிஞ்சது சரியாயிடுச்சு

மூணு வாரம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, புது வீட்டுக்கு வந்து இலையுதிர் காலக் குளிர் ஆரம்பிச்சதும் காலைல பெட்ரூம் கண்ணாடி உள்பக்கமா தண்ணியா வழியுது, அலமாரிக்குப் பின்னாடி பூஞ்சை வாடை வேறன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

லீக்குன்னு நெனச்சு சிலிக்கான் டியூபெல்லாம் வாங்கி வச்சேன், தேவையே படல. "முதல்ல ஈரப்பதம் அளக்குற மீட்டர் வச்சு பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் கைகொடுத்துச்சு. ராத்திரி 74% காட்டுச்சு. காரணம் நாங்கதான், துணிய ரூம்லயே காயப்போட்டு, குளிருதுன்னு ஜன்னலும் திறக்காம கதவச் சாத்திட்டு தூங்கினா அவ்வளவு ஈரமும் குளிர்ந்த கண்ணாடிலதான போய் ஒட்டும்.

இப்ப காலைலயும் சாயங்காலமும் எதிரெதிர் ஜன்னல 10 நிமிஷம் முழுசா திறக்குறோம், துணி பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு காயுது. 4 நாள்ல 55க்கு வந்துடுச்சு. கண்ணாடியோட கீழ் ஓரத்துல மட்டும் விரல் அகலத்துக்கு பனி பூக்குது, தொடச்சா போயிடும். ஜன்னல லேசா திறந்தே வைங்கன்னு சொன்னதையும் ட்ரை பண்ணேன், ரூம் ஜில்லுனு ஆனதுதான் மிச்சம்.

எதிர்பாக்காத ஒண்ணு: அலமாரிய செவுத்துல இருந்து தள்ளி வைங்கன்னு சொன்னீங்களே, நகத்தினா பின்னாடி ஒரு காத்துத் துவாரம்! முன்னாடி இருந்தவங்க டேப் ஒட்டி மேல பெயிண்டும் அடிச்சிருக்காங்க. உரிச்சதும் கைல காத்து பட்டுச்சு. பூஞ்சைய தொடச்சு 10 நாள் ஆச்சு, இன்னும் திரும்பி வரல.