சவானா எரிந்துபோன காடா?

புல்நேசன்: புல்லுக்கு நடுவே மரங்கள் சிதறி நிற்கும் வெப்பமண்டல நிலம்தான் சவானா. "சவானா என்று தனியாக எதுவும் கிடையாது. மனிதன் எரித்துப்போட்ட காடுதான் அது, மரம் நட்டால் சரியாகிவிடும்" என்று வனமாறன் எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. சவானாவை மூடியிருக்கும், வெயிலைத் தாங்கி வளரும் சி-4 வகைப் புற்கள் வெப்பமண்டலத்தில் பெரிய அளவில் பரவத் தொடங்கியே சுமார் 80 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்குத் தீ மூட்ட எந்த மனிதன் இருந்தான்?

வனமாறன்: இப்போதும் அதையேதான் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1954 முதல் தீச் சோதனை நடக்கிறது. மழை கூடுதலான பக்கத்தில், தீயைத் தடுத்த இடங்களில் மரம் அடர்ந்துவிட்டது. அப்புறம் என்ன?

புல்நேசன்: மின்னல் தீ வைக்காதா? பிரேசிலின் சவானாவான செர்ராடோவைப் பாருங்கள். மரங்களுக்குத் தக்கை போலத் தடித்த பட்டை. மேலே கருகினாலும் மண்ணுக்கடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும் செடிகள். நேற்று வைத்த தீக்கு இவ்வளவு தற்காப்பு வந்துவிடுமா? 80 லட்சம் ஆண்டுகள், ஐயா!

மழைத்துளி: செர்ராடோவை ஏன் இழுக்கிறீர்கள்? சவானா என்றால் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி புல்வெளி மாதிரி இருக்க வேண்டும்.

புல்நேசன்: வடக்கு ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே புல். வெனிசுவேலா, கொலம்பியாவின் லானோஸ் புல்சமவெளி மழைக்காலத்தில் வெள்ளக்காடு. இவையும் சவானாதான். சிங்கம் நடந்தால்தான் ஒத்துக்கொள்வீர்களா?

மழைத்துளி: சிங்கம் என்று நான் எழுதவே இல்லை. சொல்லாததைச் சொன்னதாக ஆக்காதீர்கள். சதுப்புநிலம் பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

வனமாறன்: குரூகருக்கு இன்னும் பதில் வரவில்லை.

புல்நேசன்: சரி, செரங்கெட்டிக்கே வருகிறேன். 1960களில் அங்கே மாட்டினத்தைக் கொல்லும் வெக்கை நோய் ஒழிந்தது. அந்த நோய்க்குப் பலியாகிவந்த, சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்ற மான் இனக் கூட்டம் பிறகு 13 லட்சத்தைத் தாண்டியது. அவை புல்லை மேய்ந்ததால் எரிய எதுவும் மிஞ்சாமல் தீ குறைந்தது, மரம் கூடியது. ஆனாலும் அது சவானாவாகவே இருக்கிறது. தீ, மேய்ச்சல், மழை மூன்றும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு அது.

வனமாறன்: தீ குறைந்தால் மரம் கூடும். நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி.

புல்நேசன்: மரம் கூடுவது வேறு, காடு வேறு! நிழல் மூடினால் புல் சாகும், புல்லை நம்பிய உயிர்களும் போகும். அங்கே போய் மரம் நடச் சொல்வது அழிவு வேலை. 80 லட்சம் ஆண்டுகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

மழைத்துளி: முதலில் சிங்கம் விஷயத்துக்கு வருத்தம் சொல்லுங்கள்.

வனமாறன்: குரூகர், 1954. நான் அங்கேயேதான் நிற்கிறேன்.