இங்கிலீஷ் தெரியும், அவர்கள் கேட்டதுதான் புரியவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். லீட்ஸுக்குப் படிக்க வந்த முதல் வாரம். பக்கத்து அறைப் பையன் மாடிப்படியில் எதிரே வரும்போதெல்லாம் "யூ ஆல்ரைட்?" என்பான். என் முகத்தில் ஏதோ நோய்க்களை தெரிகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நின்று, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டை கட்டிக்கொண்டது, ராத்திரி தூக்கமில்லை என்று விவரமாகச் சொன்னேன். பாவம், ஒரு காலை அடுத்த படியில் வைத்தபடியே முழுக்கக் கேட்டான்.

பிறகு மற்றவர்களைக் கவனித்தபோதுதான் பிடிபட்டது. "ஆல்ரைட்?" என்பதற்குப் பதிலும் "ஆல்ரைட்?" தான். கொஞ்சம் பேச ஆசையிருந்தால் "நாட் டூ பேட்" வரை போகலாம். அதைக் கேட்டு யாரும் உங்களுக்காகக் கவலைப்பட மாட்டார்கள். இங்கே அதற்கு நன்றாகவே இருக்கிறேன் என்று அர்த்தம்.

அடுத்தது 'டீ'. பேராசிரியர் ஒருவர் அஞ்சரை மணிக்கு டீக்கு வா என்றார். டீயும் பிஸ்கட்டும்தானே என்று சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனேன். மேசையில் முழுச் சாப்பாடு! வட இங்கிலாந்தில் பலர் ராத்திரிச் சாப்பாட்டையே டீ என்பார்கள். அன்றைக்கு இரண்டாம் தடவை உருளைக்கிழங்கு சாப்பிட்டேன்.

*

தம்பி, நாம் மட்டும் என்ன? நான் பெங்களூரில் இருந்தபோது, எங்கள் டீமுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். மதியம் அவரைப் பார்த்தால் "ஹேட் யுவர் லன்ச்?" என்று கேட்பேன். நம் ஊர் 'சாப்பிட்டீங்களா'தான், வேறென்ன? நாலாம் நாள் கோட்டை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "எங்கே போகலாம்?" என்கிறார். தினமும் கூப்பிடுகிறானே, தட்டிக்கொண்டே இருந்தால் நன்றாயிருக்காது என்று நினைத்திருக்கிறார். பில் நான்தான் கொடுத்தேன்.

*

என் கதை ஆமாம், இல்லை பற்றியது. லண்டனில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். நர்ஸ் ஃபாரத்தைப் பார்த்தபடி "ஸோ, நோ அலர்ஜீஸ்?" என்றார். அப்பா கம்பீரமாக "யெஸ்" என்றார்.

"டு வாட்?"

"நோ."

"நோ அலர்ஜீஸ்?"

"யெஸ்!"

நான் காரை நிறுத்திவிட்டு உள்ளே வருவதற்குள் அப்பா கையில் அலர்ஜிக்காரர்களுக்குக் கட்டும் சிவப்புப் பட்டை.

அப்பா மேல் தப்பே இல்லை. "அலர்ஜி இல்லையே?" என்று தமிழில் கேட்டால் "ஆமா, இல்லை" என்றுதானே சொல்வோம்? கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஆமா. இங்கிலீஷில் விஷயம் இல்லையென்றால் "நோ"தான், கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும். "டூ யூ மைண்ட்?" கேள்வியிலும் இதே கண்ணி உண்டு. ரயிலில் பக்கத்து இருக்கையைக் காட்டி யாராவது அப்படிக் கேட்டால், தாராள மனசோடு "யெஸ், யெஸ்" என்றுவிடாதீர்கள். உட்காராதே என்று ஆகிவிடும். "நாட் அட் ஆல், ப்ளீஸ்" என்று முழுசாகச் சொல்லப் பழகிவிட்டேன், வம்பே இல்லை.

*

நியூ ஜெர்சியில் எங்கள் அத்தை பட்ட பாடு. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அத்தை மரியாதைக்கு "நோ, தேங்க்ஸ்" என்றார். நம் வழக்கப்படி இரண்டாவது உபசாரம் வரும், மூன்றாவதில் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்தம்மாவோ சரி என்று தட்டை மூடிவிட்டார். வீட்டுக்கு வந்து, "ஒரு வார்த்தை வற்புறுத்தக் கூடாதா?" என்று ஒரு பாட்டம் தீர்த்தார்.

அதே பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காபி வேண்டுமா என்று அத்தை கேட்டதற்கு "ஐ'ம் குட்" என்றார். அங்கே அதற்கு வேண்டாம் என்று பொருள். அத்தை, சௌக்கியமாக இருக்கிறாராம் என்று எடுத்துக்கொண்டு, நுரை பொங்க டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். அந்தம்மா மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

*

பிரிஸ்டலில் இருக்கிறேன். இங்கே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பலரும் டிரைவருக்கு "சியர்ஸ், டிரைவ்!" என்று குரல் கொடுப்பார்கள். சியர்ஸ் என்றால் இங்கே நன்றி. அப்போது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். எல்லாரும் ஏதோ சொல்கிறார்களே என்று அவரும் இறங்கும்போது "போயிட்டு வரேன் தம்பி" என்றார். டிரைவருக்கு அறுபது வயதாவது இருக்கும். சிரித்துக்கொண்டே "சியர்ஸ், மை லவர்!" என்றார்.

இந்தப் பக்கத்தில் ஆண், பெண், கிழவர் என்று பார்க்காமல் யாரையும் அப்படிக் கூப்பிடுவது பழைய வழக்கம்தான். ஆனால் அம்மாவுக்கு லவர் என்ற சொல் சினிமாவில்தான் பழக்கம். வீட்டுக்கு வரும்வரை வாயே திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிய பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு வேற பஸ்ஸுல போலாமா?"